பெங்களூர் வாடகை வீட்டுக்கு எந்த நெட்? லைன் போன அன்று நம் பணம் யார் கையில்?

சித்தி மகனுக்கு பாக்மனே டெக் பார்க்கில் வேலை கிடைத்து, கக்கதாசபுராவில் மூன்றாம் மாடியில் ஒரு ஒற்றை பெட்ரூம் வீடும் அமைந்துவிட்டது. அட்வான்ஸ் கொடுத்த அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் கேட்டான்: "அக்கா, நெட் எது போடலாம்?" கூடவே நாலு ஸ்கிரீன்ஷாட். ஒன்றில் 399, ஒன்றில் 449, ஒன்றில் 599, இன்னொன்றில் "இன்ஸ்டலேஷன் இலவசம்". நாலிலும் ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி.

நான் பதினோரு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். ஐந்து வாடகை வீடு, ஏழு இணைப்பு. வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனி ஒன்றுக்குச் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். மாதக் கடைசியில் இரண்டு நாள் நெட் போனால் அறுபது பேர் சம்பளம் நிற்கும். அதனால் அவன் கேள்விக்கு ஏழு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். ஒன்றைக்கூட அவன் முழுசாகக் கேட்டிருக்க மாட்டான். எழுதி வைத்துவிட்டால் அவனுக்கு இல்லாவிட்டாலும் வேறு யாருக்காவது ஆகும்.

எல்லோரையும் போல நானும் வேகத்தையும் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கேம்பிரிட்ஜ் லேஅவுட் வீட்டில்தான் சூடு பட்டது. ஒரு பெரிய கம்பெனிக்குப் பன்னிரண்டு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டினேன். இன்ஸ்டலேஷன் இலவசம், ஒரு மாதம் கூடுதல், ரவுட்டருக்கு டெபாசிட் இல்லை. கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. நாலாவது மாதம் வீட்டு ஓனர், மகன் துபாயிலிருந்து வருகிறான், காலி செய்யுங்கள் என்றார். ஒன்றேகால் கிலோமீட்டர் தள்ளி ஜோகுபாளையாவில் வீடு கிடைத்தது. கம்பெனியில் ஷிஃப்டிங் கேட்டேன். "உங்க புது அட்ரஸ் ஃபீசிபிள் இல்லை மேடம்" என்றார்கள். எதிர்வீட்டு ஜன்னலில் அதே கம்பெனி ரவுட்டர் பச்சை விளக்கோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. சரி, மீதி எட்டு மாதப் பணம்? திருப்பித் தர முடியாதாம். வேண்டுமானால் வேறு யார் பெயருக்காவது மாற்றிக் கொடுக்கலாம், ஆனால் அந்த யாரோ பழைய வீட்டிலேயே குடியிருக்க வேண்டும். ஓனர் மகனுக்குத் தானம் எழுதித் தரச் சொல்கிறார்கள் என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது.

அன்றிலிருந்து நான் பார்ப்பது ஒன்றைத்தான். லைன் செத்துப்போகும் நாளில் என் பணம் எவ்வளவு அவர்கள் கையில் இருக்கும்? ஒரு மாதப் பணம் என்றால் கூப்பிட்டால் வருவார்கள், அடுத்த மாதப் பணம் வேண்டுமே. ஒரு வருஷப் பணம் என்றால், நான் கத்தினாலும் கதறினாலும் அவர்களுக்குப் போகப்போவது ஒன்றுமில்லை. கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்ததுதான்.

அதற்கு முன் வேகத்தை ஓரமாக வைத்துவிடலாம். 4கே படம் பார்க்க 15 மெகாபிட் போதும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. ஃபுல் எச்.டி.க்கு 5. ஆபீஸ் வீடியோ கால் நாலைத் தாண்டுவது அபூர்வம். தனி ஆளுக்கு 30 மெகாபிட் தாராளம். கணவன் மனைவி இரண்டு பேரும் வீட்டிலிருந்து வேலை, ஹாலில் டிவி, உள்ளே ஒரு பிள்ளை கேம் என்றால் 100 எடுக்கலாம். அதற்கு மேல் வாங்குவது வீட்டில் இரண்டு பேர் இருக்கும்போது பஸ் வாங்குகிற கதை. இன்னொன்று: விளம்பரத்தில் இருப்பது மெகாபிட், டவுன்லோடு ஆகும்போது திரையில் ஓடுவது மெகாபைட். எட்டால் வகுக்க வேண்டும். 100 என்றால் நொடிக்கு 12.5 தான் காட்டும். "நூறுக்குக் காசு கட்டிட்டு பன்னிரண்டு வாங்கிட்டிருக்கேன்" என்று கஸ்டமர் கேரில் அரைமணி நேரம் சண்டை போட்ட ஆள் நான்தான். போட்ட சண்டைகளில் தப்பு என் பக்கம் இருந்தது அது ஒன்றில்தான்.

விலைக்கும் ஒரு வார்த்தை. விளம்பரத்தில் இருக்கும் எண் நாம் கட்டும் எண் அல்ல. 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தனி. 399 என்றால் கையிலிருந்து போவது 470 ரூபாய் 82 காசு. 449 என்றால் 529.82. 799 என்றால் 942.82, அதையே ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் 5,656.92. அந்தக் கடைசி எண்ணைத்தான் எந்தப் போஸ்டரிலும் பெரிய எழுத்தில் பார்க்க முடியாது. ஓ.டி.டி. சேர்த்துத் தருகிறோம் என்பதும் அப்படித்தான். பதினெட்டு ஆப் இலவசம் என்று ஒரு திட்டம் எடுத்தேன். அதில் திறந்து பார்த்தது மூன்று. மீதியெல்லாம் கல்யாணச் சாப்பாட்டில் இலையில் விழும் பச்சடி மாதிரி, யாரும் கேட்காமலே வந்து உட்கார்ந்திருந்தது.

பெரிய கம்பெனி ஃபைபர்

ஏர்டெல், ஜியோ, ஆக்ட் மூன்றும்தான் பெங்களூரில் பெரும்பாலான தெருக்களில் காதில் விழும் பெயர்கள். ஆக்ட் இந்த ஊர்க் கம்பெனி, தலைமையகமே இங்கேதான். ஜியோ ஃபைபர் 2019 செப்டம்பர் 5 அன்று வணிகரீதியாக வந்தது. அடுத்த வருஷம் 399 ரூபாய்க்கு 30 மெகாபிட் என்று அறிவித்தார்கள். சில நாளிலேயே ஏர்டெல் 499க்கு 40 மெகாபிட் கொண்டுவந்தது. இன்றைக்குப் போஸ்டரில் தெரியும் எண்களெல்லாம் அந்தப் போட்டியின் வாரிசுகள்தான். "அன்லிமிடெட்" என்று போட்டிருந்தாலும் மாதம் 3,300 ஜி.பி. என்று ஒரு கோடு கிழித்திருப்பார்கள். அதற்காகப் பயப்பட வேண்டாம், ஒரு நாளைக்கு 110 ஜி.பி. வருகிறது. குடும்பமே உட்கார்ந்து பார்த்தாலும் தீராது.

லைன் தரம் என்று பார்த்தால் இவர்கள்தான் முதலில். ஆப் இருக்கிறது, ஜி.எஸ்.டி. பில் வருகிறது, புகாருக்கு நம்பர் வருகிறது. வம்பு முழுக்க ஒப்பந்தத்தில் இருக்கிறது. மாதம் மாதம் கட்டும் திட்டம் இருக்கும், ஆனால் விற்க வருகிற பையன் அதைப் பற்றி வாயே திறக்க மாட்டான். அவனுக்குக் கமிஷன் நீளமான திட்டத்தில்தான் போலிருக்கிறது. "மாதாந்திரம் இருக்கா?" என்று நாமே கேட்க வேண்டும். "இருக்கு மேடம், ஆனா இன்ஸ்டலேஷன் சார்ஜ் ஆகும்" என்பான். அந்தச் சார்ஜைக் கட்டிவிடுங்கள். ஆயிரம் ரூபாய் என்றாலும் அது ஐந்தாயிரத்தைப் பணயம் வைப்பதைவிட மலிவு.

ஒன்று கவனியுங்கள். வாடகை ஒப்பந்தம் இங்கே பெரும்பாலும் பதினோரு மாதம். நெட் ஒப்பந்தம் பன்னிரண்டு. கணக்கு அங்கேயே உதைக்கிறது.

மூடுவது அதைவிடப் பெரிய வேலை. ஆப்பில் புது இணைப்பு எடுக்க ஒரு பொத்தான், மூடுவதற்கு ஒரு போன் நம்பர். போன் செய்தால் முதலில் ஒருவர் மூன்று மாதம் பாதி விலை தருகிறேன் என்பார். அடுத்தவர் ஏன் போகிறீர்கள் என்று மனவருத்தத்தோடு கேட்பார், நம் சொந்தக்காரர்கூட அப்படிக் கேட்டிருக்க மாட்டார். பிறகு ரவுட்டர் எடுக்க ஆள் வரும் என்பார்கள். எனக்கு வரவில்லை. மூன்று வாரம் கழித்து, கருவியைத் திருப்பித் தராததற்குப் பணம் கட்டு என்று எஸ்.எம்.எஸ். வந்தது. அன்றே ரவுட்டரையும் அடாப்டரையும் மேஜையில் வைத்து, சீரியல் நம்பர் தெரிய போட்டோ எடுத்து, "எடுத்துப் போக ஆள் அனுப்புங்கள், கருவி வீட்டில்தான் இருக்கிறது" என்று மெயில் போட்டேன். நாலாம் நாள் ஆள் வந்தார். பழைய ரவுட்டரின் போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது, குழந்தை போட்டோக்களுக்கு நடுவில்.

தெருக் கேபிள்காரர்

ஜோகுபாளையாவில் அந்தப் பெரிய கம்பெனி கைவிட்டதும், கீழ்வீட்டு அம்மா ஒரு நம்பர் கொடுத்தார். கேபிள் அண்ணா. மாதம் 600 ரூபாய், ஜிபே. ஒப்பந்தம் கிடையாது, ரவுட்டர் நாமே வாங்கிக்கொள்ள வேண்டும். மறுநாள் காலை பத்து மணிக்கு லைன் வந்துவிட்டது.

முதல் மழைக்காலத்தில் ஒரு நாள், வெளியிலிருந்து ஃபைபர் வந்து சேரும் ஓ.என்.டி. பெட்டியில் சிவப்பு விளக்கு மின்ன ஆரம்பித்தது. எல்.ஓ.எஸ். என்று எழுதியிருக்கும் இடத்தில் சிவப்பு வந்தால் பெரும்பாலும் வெளியே எங்கோ ஃபைபர், அதாவது கண்ணாடி நூல், அறுந்திருக்கிறது என்று அர்த்தம். ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடுவதில் ஒரு பயனும் இல்லை. கேபிள் அண்ணாவுக்குப் போன் செய்தேன். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு தம்பி வந்தான், ஓசூர்ப் பக்கம். எங்கள் மாடிப்படியில் முழங்கால் போட்டு உட்கார்ந்தான். "பெருச்சாளி கடிச்சிருக்குக்கா" என்று அறுந்த முனையைக் காட்டினான். கறுப்பு உறையை உரித்தான், உள்ளே தலைமுடி தடிமனில் ஒரு இழை. அதன் மேல்பூச்சைச் சின்ன இடுக்கியால் வழித்து, ஸ்பிரிட் நனைத்த பேப்பரில் துடைத்து, ஒரு சின்னக் கத்திப் பெட்டியில் வைத்து 'டிக்' என்று வெட்டினான். இரண்டு முனையையும் டிபன் பாக்ஸ் அளவு மெஷினில் எதிரெதிரே வைத்தான். திரையில் இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று தேடி நகர்ந்து, ஒரு நொடி வெளிச்சம் வந்து, ஒட்டிக்கொண்டன. ஒட்டின இடத்தில் ஒரு சின்னக் குழாயைச் சுருக்கிப் போட்டு ஊதினான். பச்சை வந்துவிட்டது என்று மேலிருந்து என் மகள் கத்திச் சொன்னாள். வெட்டியெடுத்த கண்ணாடித் துண்டை டேப்பில் ஒட்டிச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டான், "பாப்பா காலில் குத்திடும்" என்று. இருபது நிமிஷம். காபி குடித்துவிட்டுப் போனான். பெரிய கம்பெனியில் இதே வேலைக்கு டிக்கெட் போட்டு மூன்று நாள் உட்கார்ந்திருக்கிறேன்.

இதனால் கேபிள்காரரைத் தலையில் தூக்கி வைக்க வேண்டும் என்றில்லை. சாயங்காலம் எட்டிலிருந்து பத்து வரை லைன் களைத்துப்போகும், ஐ.பி.எல். நாளில் சுத்தமாகத் தள்ளாடும். பெரிய கம்பெனியிடமிருந்து அவர் வாங்கும் கொள்ளளவு அவ்வளவுதான், தெரு முழுக்க அதையே பங்கு போட்டுக்கொள்கிறது. அங்கிருந்து அவருக்கு வரும் ஒரே முக்கியக் கம்பி அறுந்தால் தெருவே இருட்டு. பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே ஐ.பி. முகவரி என்பதால் வெளியூரிலிருந்து வீட்டு சி.சி.டி.வி.யைப் பார்க்கச் சில கேமராக்களில் தகராறு வரும். முக்கியமாக, ஜி.எஸ்.டி. பில் கேட்டால் சிரிப்பார். சட்டப்படி இணையம் விற்க உரிமம் வேண்டும், அல்லது உரிமம் உள்ள ஒரு கம்பெனியின் கிளையாக இருக்க வேண்டும். "நீங்க யாரோட லைன் அண்ணா?" என்று ஒரு வார்த்தை கேட்டு அந்தக் கம்பெனி பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்குப் புகார் என்று வந்தால் அந்தப் பெயர் இல்லாமல் ஒரு படிவமும் நகராது.

இன்னொரு தொல்லை, மேலே தொங்குவது. பெங்களூரில் பெரும்பாலான கேபிள் மரத்திலும் கம்பத்திலும்தான் சுருண்டு கிடக்கிறது. மாநகராட்சி அவ்வப்போது அதை வெட்டி எறிகிறது, மழைக்குக் கிளை விழுந்தாலும் அதே கதி. சர்ச் ஸ்ட்ரீட், ரெசிடென்சி ரோடு போன்று டெண்டர்ஷ்யூர் என்ற திட்டத்தில் புதுப்பித்த சாலைகளில் நிலத்தடியில் குழாய் போட்டிருக்கிறார்கள். நம்மைப் போன்றவர்கள் வாடகைக்கு இருக்கும் குறுக்குத் தெருக்களில் மரம்தான் குழாய். இதில் பெரிய கம்பெனி, சின்ன கம்பெனி பேதமில்லை. வித்தியாசம், அறுந்த பிறகு யார் முதலில் ஏணி எடுத்து வருகிறார்கள் என்பதில்தான்.

என் அளவுகோலில் கேபிள்காரருக்கு முதலிடம். லைன் போன அன்று என் பணம் அவரிடம் அறுநூறு ரூபாய்க்கு மேல் இல்லை.

பி.எஸ்.என்.எல்.

அப்பா காலத்து ஆட்கள் இன்னும் இதைத்தான் சொல்வார்கள். கேட்டுச் சிரித்துவிட்டுப் போக வேண்டாம். பாரத் ஃபைபர் என்ற பெயரில் வருவது தொலைபேசிச் செம்பு லைன் அல்ல, கண்ணாடி நூலேதான். வீடுவரை இழுத்து வருவதும் பராமரிப்பதும் பெரும்பாலும் வருமானத்தில் பங்கு வாங்கும் தனியார் கூட்டாளிகள், சில தெருக்களில் அதே கேபிள் அண்ணாதான். ஆகவே பெயரில் அரசு, ஏணியில் தனியார். கூட்டாளி நல்லவராக அமைந்தால் இதைவிட மலிவான, வம்பில்லாத லைன் கிடையாது. மாதம் மாதம் பில், முறையான ரசீது, மூடும்போது இழுத்துப் பிடிக்க யாரும் இல்லை. கூட்டாளி சரியில்லை என்றால் எக்ஸ்சேஞ்சுக்கும் அவருக்கும் நடுவில் நாம் பந்து. முர்ஃபி டவுனில் இருக்கும் என் தோழி நாலு வருஷமாக இதில்தான் இருக்கிறாள், குறையே சொன்னதில்லை. ஒரே ஒரு தெரு தள்ளி இருக்கும் அவள் நாத்தனார் ஆறு மாதத்தில் ஓடிவிட்டாள்.

ஏர்ஃபைபர்

வயர் வர வழியில்லாத வீட்டுக்கு இது. மொட்டை மாடியிலோ ஜன்னலுக்கு வெளியிலோ ஒரு பெட்டி வைத்து 5ஜி அலைவரிசையைப் பிடித்து உள்ளே வைஃபையாகத் தருவார்கள். ஜியோ ஏர்ஃபைபர் 2023 செப்டம்பர் 19 அன்று எட்டு ஊர்களில் தொடங்கியது, பெங்களூரும் அதில் ஒன்று. ஆரம்ப விலை 599, வரியோடு 706.82. ஆனால் அறிமுகத்தின்போது ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம் என்றுதான் விற்றார்கள். பன்னிரண்டு மாதமாக எடுத்தால் ஆயிரம் ரூபாய் இன்ஸ்டலேஷன் தள்ளுபடி. கணக்குப் போடுங்கள்: முதல் நாளே 8,481 ரூபாய் 84 காசு அவர்கள் கையில். டேட்டா வரம்பு ஃபைபரைப் போல 3,300 அல்ல, மாதம் 1,000 ஜி.பி. நெட்ஃபிளிக்ஸ் 4கே ஒரு மணி நேரத்துக்கு 7 ஜி.பி. வரை தின்னும். தனி ஆளுக்குப் பரவாயில்லை, வீட்டில் தாத்தா டிவியை அணைக்கவே மாட்டார் என்றால் மாதக் கடைசியில் இழுக்கும்.

பெருச்சாளி கடிக்காது, மரக்கிளை விழாது. அது பெரிய விஷயம்தான். ஆனால் டவர் நெரிசல், எதிரே புதிதாக எழும்பும் கட்டடம், இரண்டும் உங்கள் கையில் இல்லை. என் தெருவில் ஒருவர் வீட்டில் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, எதிர் மனையில் நாலாவது தளம் கான்கிரீட் போட்ட வாரம் வரை.

மொபைல் ஹாட்ஸ்பாட்டை முழுநேர வழியாக நினைக்காதீர்கள். 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் கட்டணத்தை ஏற்றிய பிறகு, வரம்பில்லா 5ஜி பெரும்பாலும் ஒரு நாளைக்கு 2 ஜி.பி. திட்டம் முதல்தான். முதல் வாரம் சமாளிக்கவும், லைன் போகும் நாளில் கைகொடுக்கவும் அது இருக்கட்டும்.

அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் இந்த ஒப்பீட்டை எல்லாம் படித்துப் பெருமூச்சு விடுவார்கள். பில்டரோ அசோசியேஷனோ ஒரே கம்பெனியோடு கைகோத்துவிட்டு மற்றவரை கேட்டுக்குள் விடாமல் வைத்திருப்பது இங்கே சகஜம். இப்படி ஒருவருக்கே ஏகபோகம் கொடுக்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2017 ஜனவரியிலேயே பரிந்துரைத்தது. அந்தத் தாளைக் கூட்டத்தில் எடுத்துப் போய்க் காட்டினால் செகரட்டரி முகம் சுண்டும், அவ்வளவுதான் நடக்கும் என்பது என் அனுபவம். ஆனாலும் காட்டுங்கள்.

வாசலில் பார்க்க வேண்டியது

யாரை எடுத்தாலும் வீட்டுக்குள் நுழையும் கம்பியைக் கண்ணால் பாருங்கள். இடியாப்பத்தைவிடக் கொஞ்சம் தடிமனாக, வளைக்கப் பயமாக இருந்தால் அது ஃபைபர். கம்ப்யூட்டருக்குப் பின்னால் செருகும் கிளிப்போடு தடித்த சாம்பல் அல்லது நீல வயர் வந்தால் அது ஈத்தர்நெட். விளம்பரத்தில் இரண்டுமே ஃபைபர்தான். என்ன வித்தியாசம் என்றால், ஈத்தர்நெட் லைனுக்கு மொட்டை மாடியிலோ பக்கத்துக் கட்டடத்திலோ ஒரு சுவிட்ச் பெட்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதற்குக் கரண்ட் வேண்டும். பெஸ்காம் கரண்டை எடுத்தால் உங்கள் வீட்டில் யு.பி.எஸ். இருந்தாலும் நெட் செத்துவிடும். ஃபைபர் லைனில் எக்ஸ்சேஞ்சுக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் பெரும்பாலும் கரண்ட் தேவைப்படும் பெட்டியே கிடையாது. ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன 12 வோல்ட் யு.பி.எஸ். ஒன்றை மாட்டினால் தெரு இருட்டாகக் கிடக்கும்போதும் மீட்டிங் ஓடும். மே மாத மழைக் கரண்ட் கட்டில் என்னைக் காப்பாற்றியது அதுதான்.

ரவுட்டரை வாசலுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போகப் பார்ப்பார்கள், அவர்களுக்கு வயர் மிச்சம். வீட்டின் நடுவுக்கு இழுக்கச் சொல்லுங்கள். அல்சூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளின் சுவர் தடிமனுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஒரு அறையைத் தாண்டினாலே பெரிது.

அந்த எட்டு மாதப் பணம் என்னாயிற்று என்று கேட்பீர்கள். முதல் பாடம்: ட்ராய் தனி ஆள் புகாரை எடுத்துத் தீர்ப்பதில்லை. அங்கே மெயில் போட்டுவிட்டு நானும் இரண்டு வாரம் காத்திருந்தேன். 2012 விதிப்படி வழி இரண்டு படி. முதலில் கம்பெனியின் புகார் மையம், அங்கே தரும் புகார் எண்ணை விடாமல் வாங்க வேண்டும். அது தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரி. புகாருக்கான கெடு முடிந்த 30 நாளுக்குள் அங்கே போக வேண்டும், அவர்கள் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இதற்கு நாம் கட்ட வேண்டிய காசு எதுவும் கிடையாது. அந்த அதிகாரியின் மெயில் முகவரி கம்பெனி இணையதளத்தின் அடியில், யார் கண்ணிலும் படாத எழுத்தில் இருக்கும்.

அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் ஆணையம். டெலிகாம் தகராறுக்கு நுகர்வோர் மன்றம் போக முடியாது என்று கம்பெனிகள் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தன. போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரி 16 அன்று சொல்லிவிட்டது. ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, ஆன்லைனிலேயே போடலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு முறை பதிந்து பாருங்கள், சில சமயம் அதிலேயே காரியம் முடியும். பல நாள் லைன் இல்லாமல் கிடந்தால் நெட் வாடகையில் கழிவு கேளுங்கள். அது அவர்கள் போடும் பிச்சை இல்லை. மூன்று வேலை நாளைத் தாண்டிய பழுதுக்கு ஏழு நாள் வாடகையைக் கழிக்க வேண்டும் என்று 2006 தர விதிகளிலேயே எழுதியிருந்தார்கள்.

நான் மேல்முறையீட்டோடு நிறுத்திக்கொண்டேன். முப்பத்தைந்தாம் நாள் ஐந்து மாதப் பணம் அக்கவுண்டில் வந்தது. எட்டு எப்படி ஐந்தானது என்று கேட்டு மெயில் போட்டேன். "உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது" என்று பதில் வந்தது.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவும் சொல்லிவிட்டு, கேபிள்காரரையே போடு என்றேன். அப்போதுதான் மெதுவாகச் சொன்னான்: ஆபீஸில் மாதம் ஆயிரம் ரூபாய் வரை நெட் பணம் திருப்பித் தருகிறார்கள், ஆனால் அவன் பெயரில் ஜி.எஸ்.டி. பில் வேண்டும். இதை முதல் மெசேஜிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? கேபிள் அண்ணா அந்த இடத்திலேயே போட்டியிலிருந்து வெளியே. பி.எஸ்.என்.எல். கூட்டாளி அந்தத் தெருவில் இல்லை. சரி, கீழே மளிகைக் கடைக்காரரிடமும் இரண்டாம் மாடிக்காரரிடமும் போய் ஒரே ஒரு கேள்வி கேள் என்றேன்: போன தடவை லைன் போனபோது எத்தனை நாளில் சரி செய்தார்கள்? மூன்று கம்பெனியில் ஒன்றுக்கு "ஒரு நாள்", ஒன்றுக்கு "அதை ஏன் கேக்கறீங்க". மூன்றாவதை யாரும் வைத்திருக்கவில்லை. ஒரு நாள்காரரிடம் மாதாந்திரத் திட்டம், இன்ஸ்டலேஷனுக்கு ஆயிரம் கட்டி எடுத்தான். விற்க வந்த பையன் ஆறு மாதத் திட்டத்துக்காகக் கால் மணி நேரம் மன்றாடினானாம். லைன் இழுக்க வந்தவரின் சொந்த நம்பரையும் வாங்கிவைக்கச் சொல்லியிருந்தேன்.

நேற்று ராத்திரி பதினொன்றரைக்குப் போன்.

"அக்கா, பெட்டியில் சிவப்பு லைட் மின்னுது."

"அந்த லைன்மேன் நம்பர் வாங்கினியா?"

"வாங்கினேன்."

"அப்புறம் எனக்கு ஏன்டா போன் பண்றே?"